வண்டி சரியில்லை என்பதற்காக வேலையை விடலாமா?

லாரி ஓட்டுநர்களின் பணி சார்ந்த கேள்விகளுக்கு, 23 ஆண்டுகள் கனரக வாகனம் ஓட்டியபின் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் பராமரிப்புப் பட்டறையை 9 ஆண்டுகளாகக் கவனித்துவரும் நம் பகுதி ஆசிரியர் பதில் எழுதுகிறார். முதலாளி வாங்கிக் கொடுத்த வண்டியும் அதில் பொருத்திய கருவியும் பிடிக்காவிட்டால் வேலையை விட்டுவிடலாமா என்பதுதான் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றின் கேள்வி. கடிதம் எழுதியவர்களின் நலன் கருதிப் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: பதினான்கு ஆண்டுகளாக ஒரு விபத்துகூட இல்லாமல் லாரி ஓட்டி வருகிறேன். எங்கள் நிறுவனம் சென்ற மாதம் எல்லா வண்டிகளிலும் மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்திவிட்டது. நேற்று வந்த பையன்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போகிறார்கள். டிரிப் கணக்கில் சம்பளம் வாங்குவதால் வருமானமும் குறையும் போலிருக்கிறது. இந்தக் கருவி இல்லாத வேறொரு நிறுவனத்தில் என்னைக் கூப்பிடுகிறார்கள். போய்விடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு வருத்தங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று மானத்தைப் பற்றியது, மற்றது வருமானத்தைப் பற்றியது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் முடிவு தெளியும்.

வருமானத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 400 கி.மீ. தூரத்தை மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் சீராகக் கடந்தால் ஏறக்குறைய 4 மணி 27 நிமிடம் ஆகும், 80 கி.மீ. வேகத்தில் 5 மணி நேரம் ஆகும். காகிதத்தில் பார்த்தால் இழப்பு 33 நிமிடம். ஆனால் ஏற்றமும் நெரிசலும் குறுக்குச் சாலைகளும் உள்ள பாதையில் நாள் முழுவதும் 90-லேயே ஓட்டியவர் யாரும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். எனவே ஊகத்தை விட்டுவிட்டு, கருவி வருவதற்கு முன்பு ஓட்டிய பத்து டிரிப்புகளின் தாள்களையும் வந்தபின் ஓட்டிய பத்து டிரிப்புகளின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லோடு இறக்குவதற்காகக் காத்துக்கிடந்த நேரத்தையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பல ஓட்டுநர்களுக்கு உண்மையான இழப்பு சாலையில் இல்லை, அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது என்பதை இப்படிக் கணக்குப் பார்த்தபோதுதான் நானும் கண்டுகொண்டேன்.

கணக்கில் இழப்பு தெரிந்தால் டிரிப் தொகையைத் திருத்தித் தரும்படி தயங்காமல் கேளுங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்பெருக்கத்தில் ஏறுவதால், வேகம் சிறிதளவு குறைந்தாலும் டீசல் மிச்சமாகிறது. உங்கள் நேரத்தைச் செலவழித்துக் கிடைத்த மிச்சம் அது. அதில் உங்களுக்குப் பங்கில்லை என்று சொல்வது நியாயமாகாது.

மானத்தைப் பற்றி ஒரு செய்தி. ஐரோப்பிய ஒன்றியம் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 12 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களை 90 கி.மீ. வேகத்துக்குள் கட்டுப்படுத்தியது, 2002-இல் அதையே 3.5 டன்னுக்கு மேற்பட்டவற்றுக்கும் விரிவுபடுத்தியது. ஜப்பான் 2003 முதல் பெரிய லாரிகளுக்கு அதே 90 கி.மீ. வரம்பைக் கொண்டுவந்தது. அந்த நாடுகளில் முப்பது ஆண்டுகள் பழுதின்றி ஓட்டிய மூத்த ஓட்டுநர்களும் இந்தக் கருவியோடுதான் ஓட்டுகிறார்கள். அது அவர்களுடைய திறமையின் மீது சொல்லப்பட்ட தீர்ப்பாகிவிடவில்லை. 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 90-க்குப் போகும்போது அதை நிறுத்துவதற்குப் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கால் பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. பதினான்கு ஆண்டுகளாக நீங்கள் விபத்தைத் தவிர்த்தது உங்கள் கண்ணாலும் நிதானத்தாலும்தான், அந்தப் பத்து கிலோமீட்டரால் அல்ல.

ஆனாலும் நீங்கள் வேலையை விடுவதற்கு நியாயமான காரணம் ஒன்று இதில் ஒளிந்திருக்கலாம். கருவியைப் பொருத்திய நிறுவனம் சரக்கு சேர வேண்டிய நேரத்தையும் அதற்கேற்ப மாற்றியிருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தை 80-க்குக் குறைத்துவிட்டு, சேரும் நேரத்தை மட்டும் பழைய 90-இன் கணக்கிலேயே வைத்திருந்தால், அந்த இடைவெளியை உங்கள் தூக்கத்திலிருந்துதான் பிடுங்கப் போகிறார்கள். அதை எடுத்துச் சொல்லியும் மாற்றாத இடத்தில் நான் இருக்க மாட்டேன். மாற்றிக்கொடுத்தால் மூன்று மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அதுவரை, முந்துகிற பழக்கத்தை மட்டும் உடனே மாற்றிக்கொள்ளுங்கள். உங்களைவிட மணிக்கு ஒரே ஒரு கிலோமீட்டர் குறைவாகப் போகும் லாரியை முந்துவதற்கு நீங்கள் 80 மீட்டர் கூடுதலாகக் கடக்க வேண்டும் என்றால், அதற்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் பிடிக்கும்; அத்தனை நேரமும் பக்கத்துத் தடத்தை அடைத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

கேள்வி: புதிதாக வந்த வண்டிகள் எல்லாம் தானியங்கி கியர் கொண்டவை. கியர் போட்டு ஓட்டுவதுதான் உண்மையான ஓட்டுநருக்கு அழகு என்று என் குரு சொல்லிக்கொடுத்தார். விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது.

பதில்: இதற்காக விட வேண்டாம். நெரிசலில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை கிளட்சை மிதித்து இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்ட என் தலைமுறை ஓட்டுநர்களைக் கேட்டால், இந்த வசதி இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கக் கூடாதா என்பார்கள். இறக்கத்தில் மட்டும் வண்டியின் போக்குக்கு விட்டுவிடாமல், கையால் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாற்றிக் கீழ் கியரைப் பிடித்துவைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் குரு கற்றுக்கொடுத்தது அங்கே அப்படியே பயன்படும். நீங்கள் இன்னும் கனரக உரிமம் எடுக்காதவராக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: தானியங்கி கியர் வண்டியில் தேர்வு எழுதியவருக்குச் சில நாடுகளில் அவ்வகை வண்டிகளுக்கு மட்டுமே உரிமம் தருகிறார்கள். இயன்றால் கையால் கியர் போடும் வண்டியிலேயே தேர்வை முடித்துவிடுங்கள்.

கேள்வி: எனக்குக் கொடுத்திருக்கும் வண்டியில் பிரேக் சரியில்லை. மலையிறக்கத்தில் நான்கைந்து வளைவுகள் தாண்டியதும் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி கட்டுக்குள் வர மறுக்கிறது. முன்பக்க இடது டயரும் மொட்டையாகிவிட்டது. மூன்று முறை சொல்லிவிட்டேன். "இந்த ஒரு டிரிப் போய்விட்டு வா, பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் முதலாளி. அவர் கெட்டவர் அல்லர். என் மகளின் படிப்புக்குக் கேட்காமலேயே உதவியவர். அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது? போகாமல் எப்படி இருப்பது?

பதில்: வேலையை விடுவதா வேண்டாமா என்பதைப் பிறகு யோசிக்கலாம். அந்த வண்டியை இனி ஒரு கிலோமீட்டர்கூட லோடோடு ஓட்டாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நூற்றுக்கு ஆறு சரிவுள்ள இறக்கத்தில் 40 டன் எடையுடன் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இறங்கும் வண்டியை வேகம் கூடாமல் பிடித்துவைப்பதற்கு, ஏறத்தாழ 350 குதிரைத்திறன் அளவுக்கு ஆற்றலை எங்கேயாவது கரைத்தாக வேண்டும். எஞ்சின் பிரேக்கும் கீழ் கியரும் அதில் பெரும்பகுதியைத் தாங்காவிட்டால், மிச்சம் முழுவதும் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மில் வெப்பமாக இறங்குகிறது. சூடேறிய டிரம் விரிந்து, அதை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் லைனிங்கை விட்டு விலகிப் போகும். விலகிய தூரத்தை எட்டிப் பிடிக்க, லைனிங்கை இயக்கும் தள்ளுதண்டு இன்னும் நீள வேண்டும். அந்த இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அது எட்டாமலே நின்றுவிடும். சூடேறிய லைனிங்கின் பிடிமானமும் அதே நேரத்தில் குறைகிறது. நீங்கள் எழுதியிருக்கும் "நான்கைந்து வளைவுகள் தாண்டியதும்" என்ற அடையாளம் இதற்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது. யார்டுக்குள் சமதளத்தில் முதலாளி ஓட்டிப் பார்த்தால் வண்டி ஒழுங்காகத்தான் நிற்கும். அதனால் அவர் உங்களை நம்பாமல் போயிருக்கலாம்.

நம்பவைக்க ஒரு வழி உண்டு. வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை போட்டுவிட்டு, காற்றழுத்தம் முழுவதும் ஏறியபின் எஞ்சினை அணையுங்கள். பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டு, பிரேக் பெடலை ஒரு நிமிடம் முழுமையாக அழுத்திப் பிடியுங்கள். கேபின் கண்ணாடியை இறக்கிவிட்டு அமைதியாக இருந்தால், காற்றுக் கசிவு இருக்கும் இடத்திலிருந்து மெல்லிய சீறல் காதில் விழும். அதே சமயம் காற்றழுத்தமானியின் முள்ளைப் பாருங்கள். அமெரிக்காவில் கனரக உரிமத் தேர்வுக்குக் கற்றுத்தரும் அளவு இது: தனி வண்டியில் அந்த ஒரு நிமிடத்தில் காற்றழுத்தம் 3 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) அளவுக்கு மேலும், டிரெய்லர் பூட்டிய வண்டியில் 4 பிஎஸ்ஐக்கு மேலும் இறங்கக் கூடாது. முதலாளியைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துக்கொண்டே இதைச் செய்யுங்கள். ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: இந்தச் சோதனையில் தேறிவிட்டாலும் டிரம்மும் லைனிங்கும் சரியாக இருக்கின்றன என்று பொருளாகாது, சக்கரத்தைக் கழற்றித்தான் அதைப் பார்க்க முடியும். டயரைப் பொறுத்தவரை வாதமே தேவையில்லை. அதே நாட்டு விதி மற்ற சக்கரங்களுக்கு 1.6 மி.மீ. பள்ளம் போதும் என்று விட்டாலும், முன்சக்கரங்களுக்கு அதன் இருமடங்கான 3.2 மி.மீ. கேட்கிறது. முன்பக்க டயர் வெடித்தால் ஸ்டீயரிங் யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வியாகிவிடும் என்பதுதான் காரணம்.

ஓட்ட மறுப்பது முதலாளிக்குச் செய்யும் துரோகமாகுமோ என்ற தயக்கம் உங்கள் கடிதம் முழுவதும் தெரிகிறது. உயிருக்கு உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பி வேலையிலிருந்து விலகி நிற்கும் தொழிலாளி அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டின் 155-ஆவது உடன்படிக்கை சொல்கிறது. பாதுகாப்பற்ற வண்டியை ஓட்ட மறுத்த ஓட்டுநரை வேலைநீக்கம் செய்வதற்கு எதிரான பாதுகாப்பை அமெரிக்கா 1982-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கொண்டுவந்துவிட்டது. உங்கள் நாட்டில் இந்தப் பாதுகாப்பு எந்த அளவுக்குச் சட்டமாகியிருக்கிறது என்பதை ஓட்டுநர் சங்கத்திலோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த நாடாக இருந்தாலும், விபத்து நடந்தபின் வழக்கில் முதலில் எழுதப்படுவது ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவரின் பெயர்தான்.

எனவே இன்றே ஒரு தாளில் தேதி, வண்டி ஓடியிருக்கும் கிலோமீட்டர், பிரேக்கில் என்ன குறை, டயரில் என்ன குறை என்பதையெல்லாம் தெளிவாக எழுதி, டயரின் படத்தையும் எடுத்து, செல்பேசியிலேயே முதலாளிக்கு அனுப்பிவிட்டு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டல் தொனி வேண்டாம். "வண்டி பட்டறையில் நிற்கும் இரண்டு நாளும் வேறு வண்டி கொடுத்தாலும் ஓட்டுகிறேன், யார்டில் வேலை கொடுத்தாலும் செய்கிறேன்" என்று கடைசி வரியாகச் சேர்த்துவிடுங்கள். வேலைக்கு நீங்கள் மறுக்கவில்லை, அந்த வண்டிக்கு மட்டும்தான் மறுக்கிறீர்கள் என்பது பதிவாகிவிடும். மூன்று முறை வாயால் சொன்னபோது கேட்காதவர்கள் ஒரு முறை எழுத்தில் பார்த்ததும் மெக்கானிக்கை அனுப்பியதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அவர் நல்லவர் என்பதை நான் நம்புகிறேன். என்னுடைய முதலாளி ஒருவரும் அப்படித்தான் இருந்தார். என் தந்தையின் மருத்துவச் செலவில் கைகொடுத்தவர் என்பதால், தேய்ந்த லைனிங்கோடு எட்டு மாதம் அவர் வண்டியை ஓட்டினேன். ஓர் இறக்கத்தில் கருகல் வாடை மூக்கில் ஏறியபோது பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். பின்பக்க இடது சக்கரத்திலிருந்து நீலநிறப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. கீழ் கியரில் பிடித்திருந்ததாலும் எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் உயிரோடு இருந்ததாலும் சரிவு குறைந்த ஓரிடத்தில் வண்டியை ஒருவழியாக நிறுத்த முடிந்தது. கிளீனர் தம்பி தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். சூடேறிக்கிடக்கும் டிரம்மில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்று அவரைத் தடுத்துவிட்டு, இருவரும் சாலையோரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மறுவாரம் வேலையை விட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சாவியை அடுத்து வாங்கிக்கொண்ட ஓட்டுநரிடம், முதலாளிக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதே என்று நினைத்து, அந்தப் பிரேக்கைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனாலும் அந்த மௌனத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். முதலாளி வண்டியைச் சரிசெய்துவிட்டால் மனநிறைவோடு தொடருங்கள். உங்களை மாற்றிவிட்டு அதே வண்டியில் வேறொருவரை ஏற்றினால், அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு விலகிவிடுங்கள். மகளின் படிப்புக்கு அவர் செய்த உதவிக்கான நன்றியை அவருக்கு வேறு எத்தனையோ வழிகளில் காட்டலாம்.

கேள்வி: என் கணவர் ஓட்டும் லாரியின் இருக்கை உடைந்து ஓராண்டாகிறது. சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்தால் முதுகு வலியால் குனிந்து காலணியைக் கழற்ற முடிவதில்லை. கேபினில் குளிர்சாதனமும் இல்லை. இதையெல்லாம் கேட்டால் "சொகுசு கேட்கிறான்" என்று சொல்வார்கள் என்று பேசாமல் இருக்கிறார். வேறு வேலை பார்க்கச் சொல்லலாமா?

பதில்: சகோதரி, இருக்கையைச் சொகுசு என்று நினைக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள், ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கின்றன. சாலையின் அதிர்வு சக்கரத்திலிருந்து சட்டகத்துக்கும் அங்கிருந்து இருக்கை வழியாக முதுகெலும்புக்கும் ஏறுகிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடல் நொடிக்கு நான்கு முதல் எட்டு வரையிலான அதிர்வுகளுக்குத்தான் மிகவும் இசைந்து குலுங்குகிறது. கனரக வண்டிகள் உண்டாக்கும் அதிர்வில் பெரும்பகுதி அதற்கு அருகிலேயே விழுகிறது. காற்றால் தாங்கப்படும் இருக்கையின் வேலையே அந்த அதிர்வை வாங்கிக்கொள்வதுதான். தொழிலாளியின் உடலில் ஏறும் அதிர்வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் எண்ணளவிலேயே வரம்பு வகுத்திருக்கிறது. ஒலிக்கும் தூசிக்கும் வரம்பு வைப்பதைப் போலவே இதற்கும் வைத்திருக்கிறார்கள் என்றால், இதைச் சொகுசு என்று யார் சொல்ல முடியும்?

சாக்கை மடித்துப் போடுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். உட்காரும் உயரம் கூடி, பெடலை எட்டுவதற்காக இடுப்பை முன்னே தள்ள வேண்டியிருக்கும்; முதுகுக்குச் சாய்மானம் கிடைக்காது. உங்கள் கணவர் புதிய இருக்கை கேட்க வேண்டும் என்பதில்லை. காற்றுப்பை கிழிந்திருக்கிறதா, அதிர்வுத் தணிப்பான் போய்விட்டதா, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அடைத்திருக்கிறதா என்று பட்டறையில் பார்த்து, போன பாகத்தை மட்டும் மாற்றித்தரச் சொல்லட்டும். எங்கள் பட்டறைக்கு வரும் பழுதான இருக்கைகளில் பலவும் அரை நாள் வேலையில் சரியாகிவிடுகின்றன. யாரும் வாய்திறந்து கேட்காததால்தான் அவை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன. முதுகு வலிக்கு மருத்துவரிடம் காட்டி, அவர் எழுதிக்கொடுப்பதையும் கோரிக்கையோடு இணைக்கச் சொல்லுங்கள்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் கேபினில் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. பழைய வண்டிகளுக்கு அது பொருந்தாது. எனவே புதிய வண்டி வாங்கும்போது தமக்குக் கொடுக்கும்படி இப்போதே கேட்டுவைப்பதும், இரவில் உறங்கும் நேரத்துக்குக் காற்றாடியும் கொசுவலையும் கேட்பதும் நடக்கக்கூடிய காரியம். எஞ்சினை ஓடவிட்டுக் குளிர்ச்சி தேடினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் டீசல் எரியும். அதற்கு எந்த முதலாளியும் முகம் சுளிப்பார்.

எழுத்தில் கேட்டு, இரண்டு மாதம் பொறுத்து, ஒரு பாகம்கூட மாறவில்லை என்றால் வேறு வேலை பார்க்கச் சொல்லுங்கள். முதுகுத்தண்டு ஒருமுறை போய்விட்டால், அடுத்த நிறுவனம் எவ்வளவு நல்ல இருக்கையைக் கொடுத்தாலும் உட்கார முடியாது.

கேள்வி: எங்கள் வண்டிகளில் ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கும் கேமராவைப் பொருத்தியிருக்கிறார்கள். நாள் முழுவதும் யாரோ உற்றுப் பார்ப்பது போல இருக்கிறது. திருடனைப் போல நடத்துகிறார்கள் என்ற எண்ணம் மனத்தை அரிக்கிறது.

பதில்: இந்த உணர்வை நான் சிறியதாக எண்ணவில்லை. கேபின் என்பது நமக்கு வேலைக்கூடம் மட்டுமல்ல. உண்பதும் உறங்குவதும் வீட்டாரோடு பேசுவதும் அங்கேதான். அதற்குள் ஒரு கண் வந்து உட்காரும்போது கூச்சம் எழுவது இயல்பு.

சாலையைப் பார்க்கும் கேமராவும் உங்களைப் பார்க்கும் கேமராவும் ஒன்றல்ல. முன்னது பொய்யான விபத்துப் புகாரிலிருந்து ஓட்டுநரைக் காப்பாற்றும் சாட்சி. அதை நீங்களே கேட்டு வாங்கலாம். உங்களைப் பார்ப்பதைப் பற்றி நிறுவனத்திடம் நான்கு விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: எப்போதும் பதிவாகிறதா, அல்லது திடீரென்று பிரேக் பிடிக்கும்போதோ வண்டி குலுங்கும்போதோ சில நொடிகள் மட்டும் பதிவாகிறதா, குரலும் பதிவாகிறதா, யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள். ஓய்வு நேரத்தில் கேமராவின் கண்ணை மூடிவைக்க அனுமதி வேண்டும் என்பதையும் கேளுங்கள். தூக்கக் கலக்கத்தில் கண் சொருகும்போது எச்சரிக்கை ஒலி எழுப்புவதோடு நின்றுவிடும் கருவியை நான் வரவேற்கிறேன். இரவில் சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நீங்கள் படுத்திருப்பதையும் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்றால், அதை நான் ஏற்க மாட்டேன். உங்கள் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லும் நிறுவனத்தில் தாராளமாகத் தொடரலாம். "இஷ்டம் இருந்தால் ஓட்டு" என்று பதில் வந்தால், அந்த வார்த்தைதான் நீங்கள் வெளியேறுவதற்குப் போதுமான காரணமாக இருக்கும், கேமரா அல்ல.

கேள்வி: புகையைக் கட்டுப்படுத்துவதற்காக யூரியா கரைசல் ஊற்ற வேண்டிய அமைப்பை ஏமாற்ற ஒரு பெட்டியை மாட்டியிருப்பதைக் கண்டுபிடித்தேன். முதலாளி ஒப்புக்கொண்டார், கழற்ற மறுத்தார். வேலையை விட முடிவு செய்துவிட்டேன். இனி சேரப்போகும் இடத்தில் வண்டி எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி?

பதில்: உங்கள் முடிவு சரியானது. புகைக்கட்டுப்பாட்டு அமைப்பில் கைவைத்த வண்டி சோதனையில் பிடிபட்டால் முதல் கேள்வி உங்களிடம்தான் கேட்கப்படும். அடுத்த வேலை உறுதியானதும் சம்பள பாக்கியையும் உரிமத்தின் அசலையும் கையில் வாங்கிவைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

புதிய இடத்தில் சேரும் முன், அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பாக யார்டுக்குப் போங்கள். மாலையில் வண்டிகள் திரும்பிவரும் நேரமாக இருந்தால் நல்லது. கழுவி நிறுத்திய புது வண்டியைத்தான் அவர்கள் காட்டுவார்கள். நீங்கள் அப்போதுதான் உள்ளே வந்து நிற்கும் வண்டியைப் பாருங்கள். முன்சக்கரங்களின் டயரைக் கையால் தடவினால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பது தெரியும். எஞ்சின் அணைந்தபின் காற்று சீறுகிறதா என்று கேளுங்கள். ஸ்டெப்னி இருக்கும் இடத்தில் உண்மையிலேயே ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி கேட்டு இருக்கையில் ஏறி உட்கார்ந்து, உயரத்தை மாற்றிப் பாருங்கள். பழுதை எழுதிக்கொடுக்கும் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் கடைசிப் பத்துப் பக்கங்களைப் புரட்டுங்கள். பழுது எழுதப்பட்ட தேதிக்கும் சரிசெய்ததாகக் கையெழுத்தான தேதிக்கும் இடையில் எத்தனை நாள் என்பதைப் பாருங்கள். புத்தகத்தில் பழுதே இல்லையென்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். எழுதினால் கோபித்துக்கொள்வார்களோ என்று அங்கே யாரும் எழுதுவதில்லை என்பதாகவும் அது இருக்கலாம்.

கடைசியாக, உங்களுக்குத் தரப்போகும் வண்டியின் எண்ணைக் கேட்டு வாங்கி, அதை இதுவரை ஓட்டியவர் யார், ஏன் விட்டார் என்று அங்கிருக்கும் ஓட்டுநர்களிடம் விசாரியுங்கள். அவரைத் தேடிப்பிடித்து ஒரு முறை பேசிவிடுங்கள்.